வெலிங்டன் போகும் பையன்களுக்கு ஆர்மி சட்டம்

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் தெருவிலிருந்து இரண்டு பையன்கள் அக்னிவீர் (நாலு வருஷ ராணுவ வேலை) தேர்வில் ஜெயித்து, டிரெய்னிங்குக்காக அடுத்த மாதம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்குக் கிளம்புகிறார்கள். ஓட்டம், புல்-அப்ஸில் குறையில்லை. சட்டம் என்றால்தான் முழிக்கிறார்கள். ரெஜிமென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்த பாவத்துக்கு, சாயங்காலம் மொட்டை மாடியில் வகுப்பு எடுக்கிறேன்.

"நாலு வருஷ ஆளுக்கும் அதே சட்டமா மாமா?"

அதே 1950ஆம் வருட ஆர்மி ஆக்ட்தான்டா.

அக்டோபர் 8, செவ்வாய்

"ஓடிப்போனா சுட்டுடுவாங்களா?" இதுதான் முதல் கேள்வி. 38ஆம் பிரிவில் மரண தண்டனை இருக்கிறது. ஆனால் அது போர்முனைப் பணியில் இருக்கும்போதோ, அதற்கு உத்தரவு வந்த பிறகோ ஓடினால். மற்ற நேரத்தில் அதிகபட்சம் 7 வருடம் சிறை.

பயப்பட வேண்டியது அடுத்த பிரிவுக்கு. லீவு முடிந்தும் காரணமில்லாமல் திரும்பாவிட்டால் 39ஆம் பிரிவு, 3 வருடம் வரை போகலாம். என் மேசைக்கு வந்த கேஸ்களில் துரோகியும் இல்லை, கோழையும் இல்லை. ஊர்த் திருவிழா, தங்கை கல்யாணம், "ரெண்டு நாள்தானே" என்று சொன்ன மச்சான், இவ்வளவுதான். வராத ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் பிடிப்பார்கள். 30 நாள் தாண்டினால் விசாரணைக் குழு கூடி, ஆள் வராததைப் பதிவு செய்யும். பிடிபடாமலோ சரணடையாமலோ இருந்தால் ஓடிப்போனவன் கணக்குதான். போலீஸ் வீட்டுக்கே வரும். மற்ற பல குற்றங்களுக்கு வழக்கு நடத்த 3 வருடக் காலவரம்பு உண்டு, ஓடிப்போன குற்றத்துக்குக் கிடையாது.

உடம்பு முடியவில்லை என்றால்? தெரு டாக்டர் சீட்டை நம்பி வீட்டில் படுக்காதே, பக்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போ.

அக்டோபர் 10, வியாழன்

தப்பு செய்தவன் தொப்பி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) முன்னால் மார்ச் செய்து நிற்பது எப்படி என்று நடித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. 80ஆம் பிரிவில் சி.ஓ. ஒருவரே 28 நாள் வரை உள்ளே வைக்கலாம் என்றதும் சிரிப்பு நின்றது. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கவும், தன் பக்கம் சாட்சி கூப்பிடவும் ஜவானுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் ரெட் இங்க் என்ட்ரி, அதாவது பெரிய தண்டனையை ஜவானின் ரெக்கார்டில் சிவப்பு மையில் எழுதுவது. நாலு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். தானாக அனுப்பிவிட முடியாது, விசாரித்து, சர்வீஸையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 2015இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

ரீல்ஸ், அரசியல் பேச்சு இரண்டையும் மறந்துவிடச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

"உஸ்தாத் (டிரெய்னிங் கொடுப்பவர்) அடிப்பாரா தம்பி?" என்று ஒரு பையனின் அம்மா கேட்டார். கீழுள்ளவனை அடித்தால், கொடுமைப்படுத்தினால் 47ஆம் பிரிவில் 7 வருடம் வரை தண்டனை. முறையிட 26ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் தண்டனையாகப் பிட்டு (முதுகுச் சுமைப் பை) கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது சி.ஓ.வின் தண்டனைப் பட்டியலிலேயே கிடையாது. நான் சுற்றியிருக்கிறேன். புகார் கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அது சரியென்று இப்போது சொல்ல மாட்டேன்.

அவர் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்களாம். டிரெய்னிங் நடுவில் லீவை உரிமையாகக் கேட்க முடியாது என்றேன். ஆவணிக்குத் தள்ளலாமா என்று சம்பந்தி வீட்டில் பேசப்போகிறார்.