முதல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடை வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஐ5 வேணுமா, ஐ7 வேணுமா?" வாங்க வருகிறவர்களும் அப்படிக் கேட்டே பழகிவிட்டார்கள். புராசஸர் பெயரில் பட்ஜெட்டைக் கொட்டிவிட்டு, மிச்சக் காசில் ஒற்றை ரேமும், கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸும் (மெஷினுக்குக் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) போட்டு முடித்துவிடுகிறார்கள். குறைந்த பட்ஜெட் மெஷின் சொதப்புவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

படிப்பு, ஆபீஸ் வேலை, கோடிங், கொஞ்சம் போட்டோ எடிட்டிங், லேசான கேம். இவ்வளவுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அப்படி ஒரு மெஷினை வைத்தே சொல்கிறேன். விலை எதையும் எழுதவில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டி மேல் பெரிதாக 450 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; அதில் +12V என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். புராசஸர், ஃபேன், பின்னால் எப்போதாவது போடப்போகும் கிராபிக்ஸ் கார்டு எல்லாம் முக்கியமாக அந்த 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அங்கே 36 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 36 = 432 வாட். அது உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதே 450 என்று போட்ட மலிவு யூனிட்டில் 14 ஆம்பியர் இருந்தால் வெறும் 168 வாட். மீதி எண்ணிக்கை இப்போது அதிகம் பயன்படாத 3.3, 5 வோல்ட் லைன்களைக் கூட்டிக் காட்டிய கணக்கு.

'நம்ம மெஷினுக்கு 168 வாட்டே போதுமே' என்று தோன்றலாம். கணக்கு சரிதான், இந்த மாதிரி செட் முழு லோடிலும் 150 வாட்டைத் தொடுவது அரிது. பிரச்சினை வாட்டில் இல்லை. மலிவு யூனிட்டுகளில் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு சர்க்யூட்டுகளைத்தான் முதலில் குறைப்பார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அந்த யூனிட் ஒரு நாள் போகும்போது, எல்லாப் பாகமும் வந்து சேரும் மதர்போர்டையும் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியையும் சேர்த்தே கொண்டுபோகும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் முத்திரையும் ஐந்து வருட வாரன்டியும் உள்ள 450 வாட் யூனிட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் வாங்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது, டெஸ்டரை வைத்தால் பல்பு எரிகிறது என்றால், பெரும்பாலும் மெஷினில் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலேயே இரண்டு சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு இணைக்கின்றன. எர்த் ஒயர் உண்மையில் எங்கும் போய்ச் சேரவில்லை என்றால், 230 வோல்ட்டில் பாதி அளவு கேபினெட் தகட்டில் வந்து நிற்கும். மூன்று பின் பிளக் இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயின்ட்டைச் சரிபார்த்த பிறகு மெஷினை மாட்டுங்கள்.

அடுத்து புராசஸர். இந்த வேலைக்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி இன்னும் நல்ல தேர்வு: 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ், பாக்ஸிலேயே கூலர். 2021-இல் வந்தது, பழசுதான். ஆனால் டிடிஆர்4 ரேம், விலை குறைந்த ஏ520 வகை மதர்போர்டு இரண்டிலும் ஓடும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் புராசஸர் உட்காரும் இடம்) போனால் டிடிஆர்5 மட்டும்தான். போர்டும் ரேமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டிவிடும். இன்டெல் பக்கம் கோர் ஐ3-12100 நல்ல புராசஸர், ஆபீஸ் வேலைக்குத் தாராளம். கேமுக்கு அதன் உள் கிராபிக்ஸ் வலு கம்மி.

பெயரில் ஒரு எழுத்து மாறினால் திரையே வராது. 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, 5600-இல் இல்லை. 5500ஜிடி-யில் உண்டு, வெறும் 5500-இல் இல்லை. 12100-இல் உண்டு, 12100எஃப்-இல் இல்லை. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது விலை கம்மி" என்று நீட்டினால் பெட்டியில் உள்ள எண்ணை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஆறு மாதத்தில் கிராபிக்ஸ் கார்டு போடுவது உறுதி என்றால் மட்டும் கதை வேறு. அப்போது 5600-ஐயும் கார்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது. 5600ஜி-யில் எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 16 எம்பிதான், 5600-இல் 32. தவிர, கார்டும் எஸ்எஸ்டியும் புராசஸரோடு பேசும் பாதையான பிசிஐஇயில் 5600ஜி பழைய 3.0-வோடு நின்றுவிடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையின் நான்கு லேனில் மட்டும் ஓடும் கார்டுகள் அதில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகம் இழக்கும்.

ஆன்லைனில் "ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி" என்று நம்ப முடியாத விலைக்கு வரும் செட்டுகளில் பெரும்பாலும் 2011-இன் ஐ7-2600 அல்லது 2012-இன் ஐ7-3770 இருக்கும். எச்61 போர்டு, டிடிஆர்3 ரேம். விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, இவை அதற்கு மிக முந்தியவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் காசுக்கு இன்றைய ஐ3 மேல்.

போர்டு விஷயத்தில் ஏ520 போதும். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் ஒன்று, எச்டிஎம்ஐ போர்ட், ரேம் ஸ்லாட் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஏ520 போர்டுகள் 2020-இல் வரத் தொடங்கியவை. 5600ஜி அதற்குப் பிறகு வந்தது. ஸ்டாக்கில் நாளாகத் தூங்கிய போர்டாக இருந்தால் அதில் பதிந்திருக்கும் பழைய பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) இந்தப் புராசஸரை அடையாளமே காணாது. பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

இப்போது ரேம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக் ஜோடியாக ஓடினால் 51.2 ஜிபி. கேமில் திக்கித் திக்கி ஓடுவதற்கும் சரளமாக ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். 8 ஜிபி மட்டும் போட்டால், கிராபிக்ஸ் 2 ஜிபி எடுத்துக்கொண்டபின் உங்களுக்கு மிச்சம் 6. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் புராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஜோடி சேராது.

எஸ்எஸ்டி 500 ஜிபி, பிசிஐஇ பாதையில் ஓடும் என்விஎம்இ வகை, பிசிஐஇ 3.0 போதும். நொடிக்கு 7000 எம்பி வேகம் என்று விளம்பரம் செய்வதற்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 5600ஜி-யில் அது 3500-ஐத் தாண்டாது. எம்.2 வடிவத்திலேயே பழைய, மெதுவான சாட்டா வகையும் விற்கிறார்கள், அதன் உச்சம் 550 எம்பிதான். லேபிளில் என்விஎம்இ என்ற சொல் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். 18 சதவீதத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால், வாரன்டி கேட்கும் நாளில் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

மாட்டும்போது, முதலில் எல்லாவற்றையும் கேபினெட்டுக்கு வெளியே, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்தே ஓட்டிப் பாருங்கள். புராசஸர் மூலையில் தங்க நிறச் சிறு முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டையும் நேராக வைத்தால் அது தன் எடையிலேயே இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது, பின் வளைந்துவிடும். பாக்ஸில் வரும் கூலர் நான்கு ஸ்க்ரூ வகை. போர்டின் மேலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளையும் கழற்றினால்தான் அதை மாட்ட முடியும். கழற்றிய கையோடு போர்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் இரும்புத் தகடு கீழே விழுந்துவிடும். தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, இரண்டிரண்டு சுற்றாக முறுக்குங்கள். ஒரு மூலையை முழுசாக முறுக்கிவிட்டால் மறுமூலை மரை பிடிக்காது. சூடு கடத்தும் பேஸ்ட் கூலரின் அடியிலேயே தடவி வரும், மேலே இன்னொன்று தடவ வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கேபிளோடு, புராசஸருக்குப் பக்கத்தில் உள்ள 8 பின்னையும் மாட்ட மறக்காதீர்கள். 4+4 ஆகப் பிரிவதுதான் அது; 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து ரேம்: கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தியிருக்க வேண்டும். அதற்கும் வரவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து, மாற்றி மாற்றிப் பாருங்கள். கேபினெட்டுக்குள் போன பிறகு மட்டும் வரவில்லை என்றால், போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டான்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) நின்று அடியில் ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கலாம்.

விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். ஸ்பீடு 3200 என்றும், இரண்டு ஸ்லாட் பயன்பாட்டில் என்றும் காட்ட வேண்டும். 2400 அல்லது 2666 காட்டினால் ரேம் தன் முழு வேகத்துக்கு வரவில்லை. ரீஸ்டார்ட் செய்து, டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை ஆன் செய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.