சுறாத் தோலும் செம்பருத்தி மகரந்தமும்

ஃபோல்ட்ஸ்கோப் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித மைக்ரோஸ்கோப், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். எறும்பு, வெங்காயத் தோல், பொடுகு எல்லாம் பார்த்தாயிற்று. இந்த மாதம் முள் வேட்டை: மாடித் தொட்டிச் செம்பருத்தியும் காசிமேட்டுப் பால் சுறாவும்.

செம்பருத்தியிலேயே முதல் கோணல். எங்கள் வீட்டில் இருப்பது அடுக்குச் செம்பருத்தி. அதில் மகரந்தத்தாள்கள் பெரும்பாலும் இதழாகவே மாறியிருக்கும், தூள் தேறவில்லை. எதிர்வீட்டில் ஒற்றைச் செம்பருத்தி கேட்டு வாங்கினேன், அதுவும் காலையிலேயே. ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் பூ சுருங்கிக் கிடக்கும். நடுத்தண்டில் செல்லோடேப்பை ஒற்றி லென்ஸில் வைத்தேன். அப்படியே ஊமத்தங்காய்! உருண்டை, சுற்றிலும் முள். தேன்சிட்டின் இறகில் தொற்றிக்கொண்டு ஊர் போக இந்த முள் உதவும்.

ஞாயிறு விடியற்காலை காசிமேடு. அரைக் கிலோ பால் சுறா வாங்கி, தோலில் ஒரு துண்டைத் தனியாகக் கேட்டேன். "தோலை வச்சி இன்னா பண்ணப்போற தம்பி?" என்று அக்கா சிரித்தார். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழு. திருப்பித் தடவினால் உப்புத்தாள். தோல் முழுக்க இருக்கும் பொடிப்பொடி முட்கள் எல்லாம் வால் பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம். தண்ணீர் இழுவையைக் குறைக்கும் ஏற்பாடு. பூவின் முள் ஒட்டிக்கொள்ள, சுறாவின் முள் வழுக்கிக்கொண்டு போக.

ஆனால் லென்ஸில் வெறும் கறுப்பு. தோலை ஊடுருவி வெளிச்சம் வரவில்லை. காய்ந்தால் சரியாகுமோ என்று மாடியில் வைத்தேன். காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மிச்சச் சுறாவைப் புட்டுக்காக அம்மா மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மணலு போகவே மாட்டேங்குதுடா" என்றார். சட்டென்று உறைத்தது. கடல் மணல் இல்லை அது, அந்த முட்களேதான்! ஒரு சிட்டிகை அள்ளி டேப்பில் ஒட்டினேன். கண்ணாடிச் சில்லு போல ஒவ்வொன்றும் தனித்தனியே, வெளிச்சம் ஊடுருவ, முதுகில் வரிவரியாய் மேடு. பல்லுக்கு உள்ளது போலவே இதற்கும் உள்ளே டென்டின் என்கிற கெட்டியான பல் பொருள், மேலே எனாமல் மாதிரி ஒரு பூச்சு.

இரண்டையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படம் எடுக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று ஃபோகஸானால் மற்றது மங்குகிறது. புட்டு ஆறிவிட்டது, அம்மா இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.