கை நன்றாக இருப்பதால்

"உங்களுக்குக் கை நல்லா இருக்கு தம்பி, அதனால இந்த விளையாட்டுல சேர ஏலாது." நான் சொன்னது இவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை, விதியில் உள்ளதைத்தான் சொன்னேன். ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த வசனத்தை வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கொழும்பில் நடந்த சக்கர நாற்காலி றக்பித் தொடரில் எனக்குக் கொடுத்த பொறுப்பு, சமூகத் தொடர்பு. வெளிநாட்டு அணிகள் ஆடி முடித்ததும் நம்மவர்களை அந்த நாற்காலிகளில் ஏற்றி, ஓட்டிப் பார்க்கவிட்டு, படம் எடுத்து, அறிக்கையில் சேர்க்க வேண்டும். மூன்று மொழியும் பேசுவேன் என்பதால் என் தலையில் விழுந்தது. கொழும்புக்காரருக்கு றக்பி புதிதல்ல. பாடசாலை மட்ச் என்றால் தெருவே கொடி பிடிக்கும். அதனால் வந்தவர்களில் பாதிப்பேர், "கோல் கம்பம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இது கூடைப்பந்துத் தரையில், வொலிபோல் மாதிரியான உருண்டைப் பந்தோடு ஆடுவது. கோட்டில் வைத்த இரண்டு கூம்புகளுக்கு நடுவே பந்தோடு புகுந்தால் புள்ளி. நாற்காலியை நாற்காலியால் இடித்து மறிக்கலாம். பந்து கையிலிருந்தால் 10 விநாடிக்குள் ஒருதரம் தரையில் தட்டவேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும்.

அந்தத் தம்பி கிளிநொச்சிப் பக்கம். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்த கால்களோடு இரவு பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார். கால்களைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் தரை முழுவதும் அவருடையதாகிவிட்டது. வெளிநாட்டு வீரர் ஒருவரை நேருக்கு நேர் இடித்த சத்தத்தில் மேலே இருந்த பாடசாலைப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். அப்புறம் வியர்வையும் சிரிப்புமாக என்னிடம் உருட்டிக்கொண்டு வந்தார். "அக்கா, எங்கட ஆக்களும் டீம் போடுவினமோ? போட்டா என்னை எடுப்பினமோ?"

அப்போதுதான் அதைச் சொன்னேன்.

விதி அநியாயமானது என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. 1970களில் கனடாவின் வின்னிபெக்கில் கழுத்து முறிந்தவர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கை பலமுள்ளவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட, கை வழங்காதவர்கள் ஓரத்தில் இருக்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்தது. காலோடு கையிலும் குறை இருந்தால்தான் ஆடலாம். உடம்பு எவ்வளவு வழங்குகிறதோ அதற்கேற்ப ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி; தரையில் நிற்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக்கூடாது. பெண் ஒருவர் ஆடினால் அந்த எல்லை சற்றுக் கூடும். விரல் மடங்காத ஒருவருக்கும் அணியில் இடம் கட்டாயம் என்றாக்கும் கணக்கு அது. இந்தத் தம்பி மாதிரி ஆட்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த ஆட்டமே பிறந்தது எனலாம். இதை அவரிடம் முழுதாக விளக்கியிருந்தால்? விளக்கினேனே. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேலாளருக்கு என்மேல் கோபம். "பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாமே, ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்திருப்பான்" என்றார். பார்க்கலாம் என்ற பதிலை அந்தப் பிள்ளை மாவட்டச் செயலகத்திலும் நிவாரண அலுவலகத்திலும் எத்தனை தரம் கேட்டிருப்பார்! நானும் ஒன்று கூட்டவேண்டுமா? இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரிதான். ஆனால் அவர் இன்னும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தேநீர் குடிக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம் என்றும் தோன்றும்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "வீல்செயார் டெனிஸ் இருக்கு, இலங்கை அணி வெளிநாடெல்லாம் போய் ஆடுது" என்றேன்.

"அதில ஆர் விளையாடுறவை எண்டு எனக்குத் தெரியும் அக்கா."

இராணுவத்தில் காயப்பட்டவர்கள்தான் அதிகம். நானும் அறிந்ததுதான். கொஞ்சம் பொறுத்து அவரே, "மற்றது, அதில ஒருத்தரையும் இடிக்க ஏலாதே" என்று சிரித்தார். எதைப் பெரிய காரணமாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

விதிப்படி ஆடக்கூடியவர்களையும் தேடாமல் இல்லை. கழுத்தில் அடிபட்ட ஒரு பிள்ளையின் அம்மாவோடு போனில் பேசினேன். "ஆர் தூக்கி பஸ்ஸில ஏத்துறது, பிள்ளை?" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. பஸ் படி அதே உயரத்தில்தான் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று சொன்னார்: "வெக்கையில இவனுக்கு வேர்க்காது, உடம்பு கொதிக்கும்." முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு அறுபட்டால் அந்த இடத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை, அதனால்தான் வீரர்கள் இடைவேளையில் முகத்துக்குத் தண்ணீர் பீச்சிக்கொள்கிறார்கள். ஐஸ் வாங்கவே தொடர் முழுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் அறிக்கையின் முகப்புக்குத் தம்பியின் படம்தான் போனது. தெரிவு செய்தது நான். அதைவிட நல்ல படம் இருக்கவில்லை, அவரும் சம்மதித்தார். ஆட்டத்துக்கு ஏலாதவர் படத்துக்கு ஏற்றவர் ஆனதில் ஏதோ உறுத்துகிறது. ஆனால் வேறு யாருடைய படத்தைப் போட்டிருக்க முடியும்? பங்குபற்றியவர் தொகையில் அவரும் ஒருவர்தான். பொய்க்கணக்கு இல்லை.

போன மாதம் அழைத்தார். படம் வேண்டுமென்றார், அனுப்பினேன். பிறகு, ஊரில் பனையால் விழுந்து கழுத்து முறிந்த ஒரு சிநேகிதனைப் பற்றிச் சொன்னார். கையும் சரியாக வழங்காதாம். "அவன் சேரலாம்தானே அக்கா?"

சேரலாம் என்றேன், தாராளமாக.

"எங்க?"

நாற்காலிகள் வந்த அணிகளோடேயே விமானம் ஏறிவிட்டன. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.