எந்தக் கவுன்சலிங்?

சென்ற பிப்ரவரியில் ஒரு மாலை, தலைமையாசிரியரின் மேசை முன் நின்று, "சார், கவுன்சலிங் போகலாமான்னு யோசிக்கிறேன்" என்றேன். அவர் பதிவேட்டிலிருந்து நிமிராமலேயே, "ஏன் டீச்சர், நம்ம ஸ்கூல் பிடிக்கலையா? அதுக்கு மே மாசம் வரணுமே" என்றார். அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கவுன்சலிங் என்றால் இடமாறுதல் கலந்தாய்வுதான். "அது இல்லை சார், மனநல ஆலோசனை" என்று நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. "வீட்டுக்குப் பக்கமா கிடைச்சா நல்லா இருக்கும் சார்" என்றேன். என் வீடு புதுவயல் சாலையில், பள்ளியிலிருந்து நான்கே கிலோமீட்டரில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

அவர் உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டாரா, அல்லது நான் பின்வாங்குவதற்கு ஒரு வழி விட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கு முந்தைய தீபாவளியிலிருந்தே அதிகாலை மூன்று மணிக்கு மேல் எனக்கு உறக்கம் இல்லை. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் சாக்பீசுடன் நின்றிருக்கிறேன். பிள்ளைகள், தங்களைச் சோதிப்பதற்காக நிறுத்தியிருக்கிறேன் என்று எண்ணி அடுத்த வரியைச் சொன்னார்கள். அதையெல்லாம் களைப்பு என்று ஒதுக்கிவிட்டேன். ஜனவரியில் ஒரு மாணவியின் நோட்டைப் பிடுங்கி, வகுப்பின் முன்னால் இரண்டாகக் கிழித்ததை அப்படி ஒதுக்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் தாளைக்கூட நான் கிழித்ததில்லை. மறுநாள் புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் "பரவாயில்லை டீச்சர்" என்று சொன்னதுதான் என்னைத் தலைமையாசிரியரின் அறை வரை கொண்டுபோய் நிறுத்தியது.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அதற்கு ஒரு எண் குறைவான 14416, 2022 அக்டோபரில் வந்த மனநல உதவி எண் என்பதும், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பதும் தெரியும். தேர்வில் தோற்றபின் சாப்பிடவே மறுத்த ஒரு மாணவியின் தாயிடம், "காய்ச்சலுக்குப் போறதில்லையா, அது மாதிரிதான்" என்று நானே சொல்லி அங்கே அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவரை அனுப்பிய நான் போகவில்லை.

இதற்கு என்னிடம் நியாயங்கள் இருக்கின்றன. காரைக்குடியில் எந்த மருத்துவமனை வரிசையில் நின்றாலும் என்னிடம் படித்த ஒருவராவது இருப்பார். மருத்துவ விடுப்பு எடுத்தால் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும், அது அலுவலக மேசைகளைக் கடந்துதான் போகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் முகப்பில் பேசுவது வேறு, உள்ளே இரண்டாங்கட்டில் பேசுவது வேறு. அந்த வழக்கத்தில் வளர்ந்தவளுக்குச் சட்டத்தைப் படித்த மாத்திரத்தில் தைரியம் வந்துவிடுவதில்லை. குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார் அத்தை. நேர்ந்துகொண்டேன், அதைக் குறைத்தும் எண்ணவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அந்த ஒரு இரவுதான்.

இந்த நியாயங்களில் ஒன்றாவது அந்த மாலையில் என் மனதில் இருந்ததா என்று யோசித்தால், இல்லை என்றே தோன்றுகிறது. அவர் "பிடிக்கலையா" என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்டது ஆறுதல்தான். இவையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

மார்ச்சில், பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில், என் மாலைச் சிறப்பு வகுப்புகளை அவர் இளைய ஆசிரியர் ஒருவருக்கு மாற்றினார். "அவருக்கும் அனுபவம் வரட்டும் டீச்சர்" என்றார். என்னால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டார் என நினைத்து, இரண்டு வாரம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அது அக்கறையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் தாமதமாகத்தான் வந்தது. அக்கறை என்றால் வெளிப்படையாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற கோபமும் உடனே வந்தது. வாய்விட்டுச் சொல்லாத ஒருத்தி, கேட்கவில்லை என்று பிறரைக் கோபித்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

மே மாதக் கலந்தாய்வுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அப்ளை பண்ணலையா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்தக் கவுன்சலிங் வேண்டாம்னா சரி" என்றார். அவர் 'அந்த' என்பதை அழுத்திச் சொன்னாரா, நான்தான் அப்படிக் கேட்டேனா என்று தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மறுபடியும் பேசாமல் நின்றேன்.

நேற்று தேவகோட்டையில் இருக்கும் தங்கையை அழைத்து, சனிக்கிழமை சிவகங்கை வரை துணைக்கு வர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். கண் காட்ட வேண்டும் என்றேன்.