மணிக்கு 30 மில்லி

ஐ.சி.யூ.வில் மணிக்கொரு தடவை குனிந்து யூரோபேக்கை, அதாவது சிறுநீர் சேரும் பையைப் பார்ப்பது எங்கள் வேலை. கிலோவுக்கு அரை மில்லி என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் கை தானாகப் போனை எடுக்கும். பிரஷர் போதவில்லையா, உடம்பில் நீர் இல்லையா, சிறுநீரகம் மக்கர் செய்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு நைட் டியூட்டி. விடிகாலை ஐந்து மணி இருக்கும். ஏழாம் பெட் சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த நைட் சூப்பர்வைசர் சிஸ்டர் பின்னால் வந்து நின்றார். "அவருக்கு 40 போட்டிருக்க, சரி. உனக்கு எவ்வளவும்மா?"

எனக்குப் புரியவில்லை. மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் கழுத்துவரை அப்படியே இருந்தது. இரவு எட்டு மணிக்கு உள்ளே வந்தவள் பாத்ரூம் பக்கமே போகவில்லை. என் எடை 58. சார்ட் போட்டிருந்தால் நான்தான் அந்த வார்டிலேயே மோசமான கேஸ். (சுரக்காமல் இல்லை, அடக்கி வைத்திருந்தேன். அந்த வருடம் மூன்று முறை யூரின் இன்ஃபெக்சன் வந்தது அந்தப் புண்ணியத்தில்தான்.)

நான் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர். இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் படித்து, வென்டிலேட்டரில் என்ன மாற்ற வேண்டும் என்று யோசித்து டாக்டரிடம் பேசுகிற அளவுக்குப் பயிற்சி உண்டு. ஆனால் பல இடங்களில் இந்தப் பதவிக்கென்று நாற்காலி கிடையாது. டாக்டர்கள் பக்கம் போனால் நான் சிஸ்டர், சிஸ்டர்கள் பக்கம் போனால் குட்டி டாக்டர். இரண்டு பக்கமும் கூப்பிடுவார்கள், லீவு நாளிலும் கூப்பிடுவார்கள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் என்று எழுந்து ஓடியிருக்கிறேன்.

தூக்கமில்லாமை, கால் வலியெல்லாம் நர்சுக்குப் புதிதில்லை. வேறொன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்த பெரியவர் ஒரு மத்தியானம் இறந்துபோனார். மானிட்டரில் கோடு நேரானதும் எனக்கு முதலில் தோன்றியது, 'எமர்ஜென்சியில் காத்திருக்கிற கேசுக்கு பெட் கிடைத்துவிட்டது' என்பது. டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போன பிறகு அவருடைய மகள் என்னிடம் வந்தாள். தினமும் "அப்பா கண்ணு தொறந்தாரா சிஸ்டர்?" என்று கேட்கிற பெண். அன்றைக்கு, "கடைசியா ஏதாவது பேசினாரா?" என்றாள். ட்யூப் போட்டவர் எப்படிம்மா பேசுவார் என்றேன். கேஸ் ஷீட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

பர்ன்அவுட் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டில் எழுதியிருப்பதை அப்புறம்தான் தேடிப் படித்தேன். மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் உருப்படியாக எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். அந்தப் பெண் முன்னால் நின்றது இரண்டாவது. அதை ஒரு நோயாக அவர்கள் வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்திலிருந்து வருவது என்கிறார்கள். பணியிடம் என்ற சொல்லை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் நிர்வாகம் எங்களுக்குக் கொடுத்த மருந்து யோகா வகுப்பு. மதியம் மூன்று மணிக்கு, கட்டாய வருகை. நைட் முடித்து வீட்டுக்குப் போனவர்களும் திரும்பி வர வேண்டும். சவாசனத்தில் படுக்கச் சொன்னார்கள், அப்படியே தூங்கிவிட்டேன். குறட்டை விட்டதாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அந்த வகுப்பால் கிடைத்த பலன் அந்த இருபது நிமிடத் தூக்கம்தான். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனபோது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

நானாகச் செய்துகொண்டது கொஞ்சம்தான். பக்கத்து பெட் சிஸ்டரும் நானும் ஒப்பந்தம் போட்டோம். பன்னிரண்டுக்கு அவள் போவாள், அவள் பேஷன்ட்டையும் நான் பார்ப்பேன். பன்னிரண்டரைக்கு நான். போய்வந்ததும் குடிக்க வேண்டும், எதிரில் நின்று பார்ப்பாள். டியூட்டி முடிந்து அடுத்த சிஸ்டரிடம் ஓவர் கொடுக்கும்போது 'மத்ததெல்லாம் ஷீட்ல இருக்கு' என்று ஓடுவதை விட்டுவிட்டேன். பெட் பக்கத்தில் நின்று, எனக்குக் கவலையாக இருப்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்: "ஒன்பதாம் பெட் பொட்டாசியம் எனக்கு சரியாப் படல, ஆறு மணிக்கு ரிப்பீட் அனுப்பியிருக்கேன், ரிசல்ட் நீ பாரு." அப்படிச் சொன்ன நாளில் பஸ்ஸில் அந்தப் பொட்டாசியம் கூட வருவதில்லை.

14416, டெலி மானஸ். 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். நோயாளியோடு கூட இருக்கும் எத்தனையோ அட்டெண்டர்களுக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானே அடிக்க ஆறு மாதம் ஆனது. பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினேன். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசினேன்.

நைட்டுக்கு ஒரு ரிலீவர் வேண்டும், ஆள் மாற்றிவிட மட்டும், என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாலு மாதம் ஆகிறது. போன வாரம் மூன்று பேர் லீவு, பக்கத்து பெட்டுக்கும் நான்தான். பாட்டில் போனபடியே வீட்டுக்கு வந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, மூடியைத் திறந்து செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு எனக்குச் சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.