இண்டைக்கு என்ன காத்து?

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அதிபர்கள், விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் எப்படியும் வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்று தெரியும். விடுதிச் சாப்பாடு பற்றி வருடாவருடம் ஒன்று வருகிறது. ஆகவே நான் சமூகக்கல்விப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைப் படிப்பித்த ஒரு சேரைப் பற்றியும். பெயர் போடவில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

வகுப்புக்குள் வந்ததும் இடாப்பைத் திறக்க முதலே கேட்பார்: “இண்டைக்கு என்ன காத்து?” யன்னல் பக்கம் இருப்பவர் வெளியே பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாடையா, சோளகமா, கொண்டலா? கரும்பலகையின் வலது மூலையில் முதலில் காற்று, அதற்குக் கீழேதான் திகதி. பிழையாகச் சொன்னால் அடி இல்லை. வெளியே போய் முற்றத்தில் நின்று, முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு வந்து திரும்பச் சொல்ல வேண்டும். சிலர் அதற்காகவே பிழையாகச் சொன்னார்கள் என்பது வேறு கதை.

அவருக்குச் சரித்திரமும் புவியியலும் ஒரே பாடம்தான். போர்த்துக்கேயர் பாடம் தொடங்கினால் புத்தகத்தில் இருக்கும் தளபதிகளின் பெயர்களுக்குப் போகமாட்டார். “ஆர் வந்தவன் எண்டு பிறகு பாப்பம். என்னத்திலை வந்தவன், ஏன் இந்தக் கரைக்கு வந்தவன் எண்டு முதல்லை சொல்லுங்கோ” என்பார். யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள் ஏன் ஒரு கோட்டை கட்ட வேண்டும்? கடனீரேரியின் ஆழம் எவ்வளவு, எந்த வாய்க்கால் வழியாகக் கப்பல் உள்ளே வரும், எந்த மாதம் வராது? இதையெல்லாம் கீறி முடித்த பிறகு கோட்டை அங்கேதான் இருக்க முடியும் என்று எங்களுக்கே விளங்கிவிடும். ஆண்டு, பெயர் எல்லாம் அப்புறம் தானாக மனதில் நிற்கும்.

கடலுக்குப் பக்கத்தில் இருந்த பாடசாலை என்றாலும் அந்தப் போர்க் காலத்தில் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது நினைத்தபடி நடக்கிற காரியம் இல்லை. ஏன் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் சேர் கடலை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். வேப்பமரத்தடி மணலைச் சரிவாகக் குவித்து, வாளித் தண்ணீரை நேரே ஊற்றாமல் பக்கவாட்டில் சரித்து ஊற்றுவார். தண்ணீர் சாய்வாக ஏறும். இறங்கும்போது நேரே இறங்கும். திரும்பத் திரும்ப ஊற்ற, மேலே தூவியிருந்த செங்கல் தூள் கரையோரமாக நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். பிறகு குறுக்கே ஒரு பனைமட்டைத் துண்டைக் குத்துவார். மட்டையின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குழி விழும். “இந்தப் பக்கத்துக்காரன் சந்தோசமா இருப்பான். அந்தப் பக்கத்துக்காரன் வழக்குப் போடுவான்.” அவ்வளவுதான் விளக்கம்.

உண்மையான கரைக்கு ஒரேயொரு முறை போனோம். 1990இல் இந்திய இராணுவம் போய், சண்டை திரும்பத் தொடங்குவதற்கு இடையில் கிடைத்த அந்தக் கொஞ்ச மாதங்களில் ட்ராக்டர் பெட்டியில் மணற்காட்டுக்கு. மணல் மேடுகளுக்குள் புதைந்து கிடந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களைச் சுற்றி நாங்கள் ஓட, சேர் ஒரு சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “கட்டேக்கை இதிலை மணல் மேடு இருந்திருக்குமோ?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கரை என்பது படத்தில் கீறிய கோடு மாதிரி ஓரிடத்தில் நிற்பதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இங்கிலாந்துக்கு வந்து, கடையில் நின்று, பாடசாலையில் உதவியாளராகி, கடைசியில் ஆசிரியராகவும் ஆகி, இப்போது கிழக்குப் பக்கத்து ஹல் நகருக்கு அருகில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இங்கே அந்த வயதுக்கு, ஸ்கண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் காலம் கட்டாயப் பாடம். கரையோரப் புவியியலும் அதே வயதில் வரும். ஆனால் ஒன்று ஒரு தவணையில், மற்றது இன்னொரு தவணையில். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பாடத்திட்டம் காட்டிக்கொள்வதில்லை. பாடம் வழக்கமாக 793இல் அவர்கள் லிண்டிஸ்பார்ன் தீவு மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கும், பிறகு கொம்பு வைத்த தலைக்கவசத்தைக் கடதாசியில் வெட்டி ஒட்டுவதில் முடியும். வைக்கிங்குகள் கொம்புக் கவசம் போட்டதற்குச் சான்றே இல்லை. 1876இல் ஜெர்மனியில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தின் உடை அலங்காரத்தால் பரவிய பழக்கம் அது. ஒன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து அந்தக் கொம்பைப் பிடுங்குவது லேசான வேலை இல்லை, சரி, விடுங்கள்.

நான் இரண்டு பாடத்தையும் ஒரே தவணைக்குள் போட்டுவிட்டேன். கப்பலில் தொடங்குகிறேன். 1880இல் நோர்வேயில் கொக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு புதைமேட்டுக்குள்ளிருந்து எடுத்த கப்பல் 23 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம். விளையாட்டு மைதானத்தில் அளவுநாடா பிடித்து, வெண்கட்டியால் அதே அளவுக்குக் கீறுவோம். பக்கத்துக்கு 16 துடுப்பு, மொத்தம் 32. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருப்பதால் கணக்கு அநேகமாகச் சரியாக வரும். மிச்ச இரண்டு இடத்துக்கு நானும் உதவியாளரும். ஒவ்வொருவரும் தன் இடத்தில் குந்தியதும்தான் எவ்வளவு நெருக்கம் என்று தெரிகிறது. “சாப்பாடு எங்கே வைப்பது?”, “மழை பெய்தால்?”, “கழிவறை?” கடைசிக் கேள்வி எந்த வருடமும் தவறியதில்லை. அதற்காக யோர்க்கில் 1972இல் வங்கிக் கட்டட வேலை நடந்த இடத்தில் அகப்பட்ட, 20 சென்ரிமீற்றர் நீளமான வைக்கிங் காலத்து மலக்கட்டி பற்றிச் சொல்வேன். இப்போது நூதனசாலையில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. பெற்றோர் சந்திப்பில் பிள்ளைகள் இந்தத் தவணையில் என்ன படித்தார்கள் என்று கேட்டால் முதலில் வெளியே வருவது அதுதான்.

கொக்ஸ்டாட் கப்பலின் இரு பக்கமும் 64 கேடயங்கள், கறுப்பும் மஞ்சளும் மாறி மாறித் தீட்டியவை. மட்டையில் வெட்டி நிறம் தீட்டும்போது ஒருவன் எழும்பி, வைக்கிங்குகள் ஹல் சிற்றி ஆதரவாளர்களா என்று கேட்டான். எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் நிறமும் ஏறக்குறைய அதுதான். ஆம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

கப்பல் விடயத்தில் முக்கியமானது நீளம் இல்லை, ஆழம். ஓக் பலகைகளை ஒன்றன் விளிம்பில் மற்றது ஏறும்படி அடுக்கி, இரும்பு ஆணியால் இறுக்கிக் கட்டிய அந்தக் கப்பல் மிதக்க ஒரு மீற்றர் தண்ணீர் போதும். ஒரு பிள்ளையை நிற்கவைத்து, நெஞ்சுமட்டும் கையால் காட்டுவேன். பிறகு ஹல் நகரம் இருக்கும் ஹம்பர் கழிமுகத்தின் படத்தை விரித்துச் சேருடைய கேள்வியைத்தான் கேட்பேன்: இவ்வளவு தண்ணீர் போதுமென்றால் எதுவரைக்கும் போகலாம்? விரல்கள் ஹம்பரால் உள்ளே போய், ஊஸ் ஆற்றில் ஏறி, யோர்க்கில் நிற்கும். 866இல் வைக்கிங் படை யோர்க்கைப் பிடித்தது என்று அதற்குப் பிறகுதான் சொல்வேன். “அட, நான் அப்போதே சொன்னேனே” என்கிற முகத்தோடு இருப்பார்கள்.

ஹம்பரில் பெரிய பெருக்கு நாட்களில் கடல் 6 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். எங்கள் ஊரில் பெருக்கும் வற்றும் ஒரு மீற்றர்கூட வராது. முதன்முதலில் இங்கே வற்றுக் கடலைப் பார்த்தபோது தண்ணீரை யாரோ களவெடுத்த மாதிரி இருந்தது. பெருக்கோடு சேர்ந்து உள்ளே போனால் கடலே கப்பலைத் தள்ளிக் கொடுக்கும். நேரம் தெரியாதவன் சேற்றில் இருப்பான். அதனால் எங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் காற்றோடு பெருக்கு நேரமும் ஏறுகிறது. வசந்த காலத்தில் வடகடலில் கிழக்குக் காற்று அடிக்கடி வீசும். “கிழக்கு” என்று எழுதிய நாளில் யாராவது ஒருவர் யன்னலைப் பார்த்து “இன்றைக்கு வருவார்கள்” என்று சொல்லுவார்.

ஆரம்பத்தில் அவர்கள் கோடையில் வந்து, கொள்ளையடித்து, குளிருக்கு முன் திரும்பிவிடுவார்கள். முதன்முறையாகக் குளிர்காலத்தை இங்கேயே கழித்ததைத் தானெற் தீவில் என்று 851ஆம் ஆண்டின் கீழ் ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் என்ற பழைய ஆண்டுக் குறிப்பேடு குறித்து வைத்திருக்கிறது. எனக்கு லிண்டிஸ்பார்னைவிட இந்தக் குறிப்பே பெரிதாகப் படுகிறது. கொள்ளைக்காரன் குளிருக்கு விறகு சேர்க்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அதற்குப் பிறகுதான் உழவு, கலியாணம், சந்தை, காசு அச்சடித்தல் எல்லாம். 1066இல் நோர்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா வந்ததும் இதே ஹம்பர், இதே ஊஸ் வழிதான். கிட்டத்தட்ட 300 கப்பல்களில் வந்தான். செப்டெம்பர் 25 அன்று ஸ்ராம்ஃபோர்ட் பிரிட்ஜ் சண்டையில் செத்தான். மிஞ்சியவர்களைக் கொண்டுபோக 24 கப்பல்கள் போதுமாக இருந்தன. இதைக் கழித்தல் கணக்காகக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் பிழை விடுவதில்லை. விடை வந்த பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் சத்தம் போடுவதும் இல்லை.

சரி, அவர்கள் கண்ட கரை எங்கே? ஹல்லுக்குக் கிழக்கே உள்ள ஹோல்டர்னெஸ் கரை, பனிப்பாறைகள் விட்டுப்போன களிமண்ணும் கல்லும் கலந்த மண் மேடு. சராசரியாக வருடத்துக்கு 2 மீற்றர் அளவில் கடல் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பாவிலேயே வேகமாக அழியும் கரைகளில் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கச் சொன்னால் 2 கிலோமீற்றர் வரும். அதாவது வைக்கிங்குகள் கப்பலிலிருந்து பார்த்த கரை இன்றைக்குக் கடலுக்குள். ரோமர் காலத்திலிருந்து பார்த்தால் 30 ஊர்கள் அளவில் போய்விட்டன. ஹம்பர் வாயில் ராவென்சர் ஒட் என்று ஒரு துறைமுக நகரம் மணல் திட்டில் எழும்பி, 1299இல் அரசரிடம் நகரப் பட்டயம் வாங்கி, அடுத்த நூற்றாண்டிலேயே கடலுக்குள் போய் முடிந்தது. மணற்காட்டுக் கோயிலை மணல் மூடியது. இங்கே கோயிலோடு ஊரையும் கடல் கொண்டுபோனது. இந்தப் பாடத்தன்று நான் வகுப்பில் மணற்காட்டுப் படமொன்றைக் காட்டுவேன். சேருடைய கேள்வியையும் கேட்பேன். இந்தப் பிள்ளைகள் உடனே பதில் சொல்கிறார்கள், எல்லாம் ஒரே நேரத்தில்.

கோடைத் தவணையில் ஹோர்ன்சி கடற்கரைக்குப் போவோம். கரைக்குக் குறுக்கே கடலுக்குள் இறங்கும் மரத் தடுப்புகள் அங்கே இருக்கின்றன. வடக்குப் பக்கம் நின்றால் தடுப்பு முழங்காலளவு. தெற்குப் பக்கம் இறங்கினால் சில பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல். மணல் வடக்கிலிருந்து தெற்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. பனைமட்டைத் துண்டு இங்கே பெரிய மரமாக நிற்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் தெற்கே மாப்பிள்ரன் என்ற சிற்றூரில் 1991இல் பாறைகளால் இரண்டு தடுப்புகள் போட்டார்கள். ஊர் தப்பியது. தெற்கே இருந்த பண்ணை நிலங்களுக்கு மணல் வராமல் போய், அரிப்புக் கூடியது. “அந்தப் பக்கத்துக்காரன்” கதை அப்படியே. அந்தப் பாறைகள் எங்கிருந்து கப்பலில் வந்தன தெரியுமா? நோர்வேயிலிருந்து. வைக்கிங்குகள் திரும்ப வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம்.

அதே கடற்கரையில் ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுபோவோம். பெருக்கு ஏறும் நேரம் பார்த்துக் கதிரையை ஈர மணலில் விரித்து, ஒரு பிள்ளைக்குக் கடதாசிக் கிரீடம் வைத்து, கனூட் அரசனாக உட்கார வைப்போம். 1016 தொடக்கம் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட டென்மார்க்காரன். கடலே நில் என்று அவன் கட்டளையிட, கடல் காலை நனைத்ததாகக் கதை. ஆணவத்துக்கு உதாரணமாகத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அவன் இறந்து நூறு வருடத்துக்குப் பிறகு முதலில் எழுதிவைத்தவர் சொன்னது நேர்மாறு: அரசனின் அதிகாரம் எவ்வளவு அற்பம் என்று சுற்றி நின்றவர்களுக்குக் காட்டத்தான் கனூட் அப்படிச் செய்தானாம். கதை நடந்ததோ இல்லையோ, தண்ணீர் காலணிக்குள் புகுந்ததும் எங்கள் அரசர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஓடுவது நிச்சயம்.

கனூட் இங்கே ஆண்ட காலத்தில்தான், 1025இல், ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் போனது. இதை வார நாட்களில் சொல்வதில்லை, பாடத்தில் இடமில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்வேன். அங்கே வல்வெட்டித்துறைக் கதையும் உண்டு. கொக்ஸ்டாட் கப்பலின் மாதிரி ஒன்றைக் கட்டி, 1893இல் நோர்வேக்காரர் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கா போனார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எங்கள் ஆட்கள் பாய் பிடிக்க, 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. சேர் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் கதிரையை விட்டு எழும்பி நிற்பார்.

கடைசியாக, சங்கத்தின் கோடைச் சுற்றுலாவுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு வருடமும் பிளாக்பூல்தான் போகிறோம். ஒருமுறை ஸ்பேர்ன் முனைக்கு வாருங்கள். ஹோல்டர்னெஸ் கரையில் கரைந்த மண்ணும் மணலும் தெற்கே வந்து, ஹம்பர் வாய்க்குக் குறுக்கே 5 கிலோமீற்றர் நீளத்துக்கு நாக்காக நீண்டு கிடக்கிறது. 2013 டிசெம்பர் 5ஆம் திகதி இரவு வந்த கடற்பெருக்கில் அதன் கழுத்து உடைந்து, தெருவும் போய்விட்டது. இப்போது பெரிய பெருக்குகளில் அந்த இடம் மூழ்கி, முனை தீவாகிவிடும். வாகனம் போகாது, நடைதான். வயதானவர்கள் வெளிச்சவீடு வரைக்கும் நடக்க வேண்டியதில்லை, உடைந்த இடம் வரை வந்தால் போதும். சோற்றுப் பார்சலை வாகனத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள், திரும்ப வர நேரம் எடுக்கும். பெருக்கு நேர அட்டவணையை நான் பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமையா, ஞாயிறா என்று செயலாளர் முடிவு செய்யட்டும்.