‘பட்டியலில் இருந்தது’

‘உங்கள் செர்வர் பட்டியலில் இருந்தது’ என்று எழுதினேன். முன்னும் பின்னும் மரியாதைக்கு நாலு வரி சேர்த்திருந்தேன். ஆனாலும் பதில் என்று பார்த்தால் அந்த ஒரு வாக்கியம்தான்.

மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரிதான், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. ஆளாளுக்கு நடத்தும் செர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், வேண்டாத செர்வரை இன்னொன்று தடுக்கலாம். அப்படி ஒன்றை நாங்களும் நடத்துகிறோம். கேட்டவர் இன்னொரு மாஸ்டடான் செர்வரின் அட்மின். எங்களை ஏன் பிளாக் செய்தீர்கள், அதற்குக் காரணமான பதிவு ஒன்றையாவது காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. என்னால் காட்ட முடியவில்லை. நான் ஒரு பதிவையும் பார்த்திருக்கவில்லை.

2023 மார்ச் அது. முந்தைய அக்டோபரில் ட்விட்டர் மஸ்க்கின் கைக்குப் போன பிறகு வந்த கூட்டம் இன்னும் ஓயவில்லை. நாங்கள் மூன்று பேர், மூவருமே சம்பளமில்லாத மாடரேட்டர்கள். எங்கள் உறுப்பினர் ஒரு அம்மாவைக் குறிவைத்து இரவுதோறும் புதுப்புதுக் கணக்குகளிலிருந்து அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணக்கைத் தடுத்தால் இன்னொன்று, ஒரு செர்வரைத் தடுத்தால் அடுத்த செர்வர். ‘தம்பி, காலையில போனை எடுக்கவே பயமா இருக்கு’ என்று அவர் எழுதிய அன்றுதான், தடுக்க வேண்டிய செர்வர்கள் என்று வேறு சிலர் தொகுத்திருந்த பட்டியலை ஏற்றினேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் மாஸ்டடான் மென்பொருளின் 4.1 பதிப்பு வந்திருந்தது. பிளாக்லிஸ்டை ஒரே கோப்பாக ஏற்றும் வசதி அதில்தான் சேர்ந்தது. முன்பெல்லாம் அட்மின் பக்கத்தில் ஒவ்வொரு செர்வர் பெயராக அடிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே ஒரு ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பை ஏற்றியதும் ஒரு பக்கம் திறக்கும். கவனமாகப் பாருங்கள், குறிப்பாகப் பட்டியல் நீங்களே தயாரித்ததாக இல்லாவிட்டால், என்று மேலேயே சொல்லியிருக்கும். நம் உறுப்பினர்கள் ஃபாலோ செய்யும் ஆட்கள் இருக்கும் செர்வர் என்றால் அதன் பக்கத்தில் தனியாக ஓர் எச்சரிக்கையும் இருக்கும்.

அந்த எச்சரிக்கையைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் பெயர்களில் ஏழெட்டுக்கு அது இருந்தது. இரவு ஒன்றரை மணி. ‘தப்பான இடமாக இல்லாவிட்டால் இத்தனை பேர் ஏன் தடுத்திருக்கப் போகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சஸ்பெண்ட் செய்தேன்.

லிமிட் போட்டிருக்கலாம். லிமிட் என்றால் பொது டைம்லைனில் அவர்கள் வர மாட்டார்கள், ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களுக்கு மட்டும் தெரிவார்கள். சஸ்பெண்ட் அப்படியல்ல. இரண்டு பக்கத்து ஃபாலோவையும் அறுத்துவிடும். பிறகு மனம் மாறி பிளாக்கை எடுத்தாலும் அறுந்தது தானாக ஒட்டாது.

இரண்டு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார்: ‘சார், அந்துப்பூச்சிப் படம் போடுவாரே ஒருத்தர், ரெண்டு வாரமா ஆளையே காணோம். உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?’ இருவரும் மூன்று வருடமாக அந்துப்பூச்சிப் படங்களைப் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள். தன் நண்பரை நான்தான் வெட்டிவிட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்படி அறுந்த உறவுகளை உறுப்பினருக்கே அறிவிக்கும் வசதி 2024 அக்டோபரில், 4.3இல்தான் வந்தது.

அந்த நண்பர் இருந்தது, எனக்கு எழுதிய அட்மினின் செர்வரில்தான். அப்புறம்தான் அந்த பிளாக்குக்கான காரணத்தைத் தேடினேன். அட்மின் குறிப்புக் கட்டத்தில் இன்ன கோப்பிலிருந்து இன்ன தேதியில் இறக்குமதி என்று மட்டும் இருந்தது. அதுவும் மென்பொருள் தானாக நிரப்பியது. பட்டியலைத் தொகுத்தவர்களின் விதி எளிமையானது: தாங்கள் நம்பும் செர்வர்களில் இத்தனை பேர் தடுத்திருந்தால் பெயர் உள்ளே வரும். சரி, அந்தச் செர்வர்கள் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொன்றின் அறிமுகப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் ‘மாடரேஷன் சரியில்லை’ என்று இருந்தது. இரண்டில் காரணமே இல்லை. மற்றவை அதே பட்டியலையே காரணமாகச் சொல்லின. ஐந்தாறு பேர் தனித்தனியாக யோசித்து எடுத்த முடிவு என்று நான் நம்பியது, ஒருவர் சொன்னதை மற்றவர்கள் எதிரொலித்தது. அந்த ஒருவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம். அதைச் சோதிக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் தரப்பும் சும்மா இல்லை. வெளிச் செர்வரிலிருந்து வரும் படம் நம் டிஸ்க்கிலும் பிரதியாகிறது. அது குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படமாக இருந்தால் மறுநாள் காவல்துறைக்கு நான் என்ன சொல்வேன்? அந்த வருடம் ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு நாளில் பார்த்த சுமார் 3,25,000 பதிவுகளில், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட அத்தகைய படங்கள் 112 தட்டுப்பட்டன என்றது அது. ‘பார்த்தாயா’ என்றது மனசு. அந்துப்பூச்சிக்காரரின் செர்வருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டேன். 2019 ஜூலையில், தீவிர வலதுசாரிகளின் தளமான கேப் (Gab) மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோதும், வருவதற்குள் கதவைச் சாத்துங்கள் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் தடுத்ததுதானே நடந்தது? அது தப்பென்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆனால் கேப் எப்படிப்பட்ட இடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் உறுத்துவது வேறொன்று. அதே 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை அடுத்து இந்தியாவிலிருந்து மாஸ்டடானுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். நாஜி வணக்கம் செலுத்த மறுத்து, கூட்டத்தில் கைகட்டி நிற்கும் ஒரு மனிதரின் படத்தை அவர் வைத்திருந்தார். ஒரு நிறுவனம் எதையும் நிதானித்துப் பார்க்காமல் ஆளை முடக்குகிறதே என்றுதான் அன்று கொதித்தோம். குறைந்தபட்சம் அங்கே யாரோ ஒரு படத்தையாவது சுட்டிக்காட்டினார்கள்.

பிளாக்கை எடுத்துவிட்டு அந்த அட்மினுக்குச் சொன்னேன். அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. ‘நீக்கியதற்கு நன்றி. ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்த்து இன்னொரு செர்வர் எங்களைத் தடுத்துவிட்டது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?’ தடுத்த செர்வர்களின் பெயர்களை அறிமுகப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தோம். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று வாதாடி அதை வைக்கச் சொன்னவனே நான்தான்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. வேலை இருந்தது என்பது உண்மை. எங்கள் பெயரை இன்னொரு சண்டையில் இழுத்துவிடப் பயந்தேன் என்பதும் உண்மை. எது முதல் காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை.

அந்த அம்மா இன்றும் எங்கள் செர்வரில் இருக்கிறார். ஏற்றிய மறுநாளிலிருந்தே தொல்லை அநேகமாக நின்றுவிட்டது. பட்டியலில் எந்தப் பெயரால் நின்றது என்று தெரியாது. நிச்சயமாக அந்துப்பூச்சிப் பெயரால் அல்ல. இப்போதும் பட்டியல்களை ஏற்றத்தான் செய்கிறேன், போன மாதம்கூட ஒன்று. எச்சரிக்கை உள்ளவற்றை மட்டும் விட்டுவிடுகிறேன். எச்சரிக்கை இல்லாதவற்றை இப்போதும் திறந்து பார்ப்பதில்லை.

அந்துப்பூச்சிக்காரரின் செர்வர் 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஏன் என்று விசாரிக்கவில்லை. போன மாதம் ஏற்றிய கோப்பிலும் அதன் பெயர் இருந்தது. ஃபாலோ செய்ய அங்கே யாரும் இல்லாததால் இந்த முறை எச்சரிக்கை எதுவும் வரவில்லை.